மோல்மீன் கடைத்தெருவில் ஒரு பொதுச்சுவர்

(பர்மாவில், மோல்மீன் ஊர்க் கோயில் மண்டபத்தில், பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, தர்மகர்த்தா ஐயா அவர்களே, தட்டோனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, ரங்கூனிலிருந்து வந்து இந்த மேடையை அலங்கரிக்கும் மூலைவீட்டு ஐயா அவர்களே, மகளிர் குழுத் தாய்மார்களே, பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குத் துண்டு போர்த்திய செயலாளர் தம்பிக்குத் தனி நன்றி. போன வருஷம் போர்த்தவில்லை. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கடைத்தெரு வரிசை வீடுகளின் கட்டடக் கலை என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். சுவர், மரம், காற்று. அதற்கு முன்னால் ஒரு பழமொழி: சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். இதை நான் எல்லா மேடையிலும் சொல்வேன் என்று வீட்டிலேயே கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

பர்மா ராஜாவுக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடந்த சண்டையை முடித்தது 1826-ல் யாந்தபோ ஒப்பந்தம். நம் ஊர் இருக்கிற தெனாசரிம் கரை வெள்ளைக்காரன் கைக்குப் போனது. 1827-லிருந்து 1852 வரை, ரங்கூன் பிடிபடுகிறவரை, அவனுக்குத் தலைமை ஊர் நம் மோல்மீன்தான். சண்டைக்கு மெட்ராஸ் பட்டாளம் வந்தது, அதன் பின்னால் நம் ஆட்களும் வந்தார்கள். லேவாதேவிக்குச் செட்டியார் வந்தார், கடை வைக்க ராமநாதபுரத்தார் வந்தார், சுமை தூக்கத் தஞ்சாவூர்க்காரரும் வந்தார். இந்த ஊரின் இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பகோடாக் குன்று, மறுபக்கம் தன்லுவின் ஆறு, நடுவில் நாடா மாதிரி நிலம். அதில் எல்லோருக்கும் தெருவைப் பார்த்த வாசல் வேண்டும். எங்கள் வீடு அகலம் 12 அடி, நீளம் 60 அடி. கையை விரித்துப் படுத்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும் என்று அப்பா கேலியாகச் சொல்லுவார்.

கீழே செங்கல், கடை. மேலே தேக்கு, குடித்தனம். அதற்கு மேல் தகரம். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,800 மில்லிமீட்டர் மழை கொட்டுகிற ஊரில் இது விளையாட்டல்ல. மெத்தையையும் நெல்லையும் மேலே ஏற்றிவிட்டால் மழைக்காலம் கழிந்துவிடும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது, கறையான் கிட்டே வராது. ஆற்றில் மிதந்து வந்த அந்தத் தேக்கில் இந்தத் துறைமுகத்தில் கப்பலே கட்டினார்கள். காரைக்குடிப் பக்கம் போனால் பெரிய வீட்டுத் தூணைத் தொட்டுப் பாருங்கள், பர்மா மரம். மரத்தைப் பற்றி இவ்வளவு போதும்.

சுவருக்கு வருகிறேன். வரிசை வீட்டில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்த வீட்டு உத்திரமும் அந்த வீட்டு உத்திரமும் அதன்மேல்தான் உட்காருகின்றன. நீங்கள் உங்கள் வீட்டை இடித்தால் என் வீடு சாயும்.

எனக்கு அப்போது பத்து வயது. பக்கத்து வீட்டை, இந்தப் பக்கத்து மோன் இனத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் வாங்கி, உள்ளே பெரிதாக்க ஆள் விட்டிருந்தார்கள். காலையிலிருந்து டங் டங்கென்று உளிச் சத்தம். எங்கள் அப்பத்தா அடுப்பில் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு செங்கல் பெயர்ந்து நேராக ரசச் சட்டிக்குள்! சட்டி போச்சு, ரசம் போச்சு. சுவரில் ஓர் ஓட்டை, ஓட்டையில் ஒரு கொத்தனின் கை. அப்பத்தா என்ன செய்தாள்? அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை! அவன் பர்மீசில் கத்துகிறான், இவள் தமிழில் கத்துகிறாள். "யாரு சுவத்தை யாரு இடிக்கிறது? கூப்பிடு உன் எசமானை!" எசமானுக்கு விஷயம் தெரிந்து, தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர அரைமணி. அதுவரை கை இவளிடம். நடுவில் அவனுக்குத் தாகம் எடுத்தது. என்னை அந்தப் பக்கம் ஓடித் தண்ணீர் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள், கையை மட்டும் விடவில்லை!

இடிப்பு நின்றது. ஓட்டையை அடைக்க சிமெண்டு கொண்டுவந்தார்கள். அப்பத்தா ஊரில் கொத்தனார் மகள், ஒப்புக்கொள்வாளா? சுண்ணாம்புதான் என்றாள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உறிஞ்சிய ஈரத்தைத் திரும்ப வெளியே விடும். மேலே சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே நின்று செங்கல் பொரிந்துபோகும். இன்றைக்குக் கடைத்தெருவில் பாதி வீடு அப்படித்தான் உதிர்கிறது. நல்ல சுண்ணாம்பு கிடைக்க நாலு மாதம் ஆயிற்று. அந்த நாலு மாதமும் ஓட்டை வழியாகக் கீரை போனது, மீன் வந்தது, உப்பு போனது. சாயந்தரம் எனக்கு அப்பத்தா அ, ஆ சொல்லிக்கொடுப்பாள். ஓட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சின்னக் குரலும் கூடவே சொல்லும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என் பேரனைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எழுந்து நில்லுங்கள் அக்கா, எல்லோரும் பார்க்கட்டும்!

(கைதட்டல்.)

சுவரை வைத்துத்தான் சித்திரம். அந்தச் சுவர் 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் வந்ததையும் பார்த்தது. 1964-ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபின் நம்மவர்கள் மெட்ராஸ் கப்பல் ஏறியதையும் பார்த்தது. ஆள் போனது, சுவர் நின்றது. இப்போது அந்தச் சுவர்களுக்குள் தமிழ் எழுத்து எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால், புகையில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கிறது. பிள்ளைகள் இருமிக்கொண்டே ககர வரிசை சொல்கின்றன.

மூலைவீட்டு ஐயா அவர்களே, தங்கள் தாத்தா கட்டிய வீட்டின் மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. தேக்குத் தரை, இரண்டு பக்கமும் சாய்வுப் பலகை ஜன்னல். வாசலுக்கு மேலே கலர் கண்ணாடி, அதில் மூன்றுதான் உடைந்திருக்கிறது, நான் எண்ணிவிட்டேன். தாங்கள் பெரிய மனிதர், மேடையில் வைத்துக் கேட்பது முறையில்லை என்று செயலாளர் தம்பி சொன்னார். மேடையில் கேட்காவிட்டால் தாங்கள் சாயந்தர பஸ்ஸில் ரங்கூன் போய்விடுவீர்கள், அதனால் கேட்கிறேன். வகுப்பை அங்கே நடத்தச் சாவி மட்டும் கொடுங்கள். சுண்ணாம்புச் செலவு எங்களுடையது. வாடகைப் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காற்று. அதைப் பற்றி நிறையச் சொல்லலாம், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டுப் பந்திக்குப் போகிற வழியில் ஒரு மேசை இருக்கிறது, நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறோம். பிள்ளையின் பெயரை எழுதிவிட்டு உள்ளே போங்கள். ஐயா, தங்களுக்கு முதல் பந்தியில் என் பக்கத்தில் இலை போடச் சொல்லியிருக்கிறேன்.