ஜூம் அழைப்பில் ஒரு பேய்ப்படம்: லாக்டவுனில் சினிமா எடுத்த கதை

(கருப்புத் திரை. லேப்டாப் விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. ஒவ்வொன்றாக ஆறு சதுரங்கள் ஒளிர்கின்றன.)

2020. லாக்டவுன் தொடங்கிய புதிது. இங்கிலாந்தில் ராப் சாவேஜ் என்ற இளம் இயக்குநர் நண்பர்களை ஜூமில் கூப்பிடுகிறார். கொஞ்ச நாளாகவே வீட்டு மச்சில் ஏதோ சத்தம் கேட்பதாகவும், அதைப் பார்க்கப் போவதாகவும் சொல்கிறார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறார். நண்பர்கள் அவரவர் சதுரத்துக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே இருட்டு. திடீரென்று ஒரு உருவம் முகத்துக்கு நேராகப் பாய்கிறது. மனிதர் ஏணியிலிருந்து கீழே விழுகிறார். நண்பர்கள் அலறுகிறார்கள்.

எல்லாம் நாடகம். 2007-இல் வந்த ஒரு ஸ்பானியப் பேய்ப்படத்தில் அதே மாதிரி மச்சில் ஒரு காட்சி உண்டு. அந்தத் துண்டைத் தன் வீடியோவோடு ஒட்டுத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த வீடியோ இணையத்தில் தீயாகப் பரவியது. பேய்ப்படங்களுக்கென்றே இருக்கும் ஷடர் என்ற ஓடிடி தளம் அவரைப் படம் எடுக்கச் சொன்னது. யோசனை பிறந்ததிலிருந்து பன்னிரண்டே வாரத்தில், 2020 ஜூலை 30 அன்று, 'ஹோஸ்ட்' வெளியானது. 57 நிமிடப் படம். படப்பிடிப்பின்போது இயக்குநரும் நடிகர்களும் ஒரே அறையில் நிற்கவே இல்லை.

எப்படி எடுத்தார்கள் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம். கூடவே, அதே லாக்டவுனில் நான் எடுக்கப் போய் பாதியில் விட்ட ஒரு குறும்படத்தைப் பற்றியும் சொல்கிறேன். படத்தின் முக்கியமான திருப்பங்கள் எல்லாம் வரும். இன்னும் பார்க்கவில்லை என்றால் பார்த்துவிட்டு வாருங்கள், ஒரு மணி நேரம்கூட ஆகாது.

(திரையில்: பூட்டிய ஸ்டூடியோ வாசல், காலி நாற்காலிகள்.)

நம் பக்கம் நிலைமை என்ன? 2020 மார்ச் 19-ஆம் தேதியே நாடு முழுக்கப் படப்பிடிப்புகள் நின்றுவிட்டன. 25-ஆம் தேதி ஊரடங்கு. சாதாரணமான ஒரு படப்பிடிப்புத் தளத்தை நினைத்துப் பாருங்கள். கேமரா உதவியாளர்கள், லைட்மேன்கள், மேக்கப், காஸ்ட்யூம், வண்டி ஓட்டுபவர்கள், பந்தி பரிமாறும் புரொடக்‌ஷன் பையன்கள் என்று நூறு பேர் சுலபமாகச் சேர்ந்துவிடுவார்கள். ஐந்து பேர் கூடக் கூடாது என்றால் இந்தத் தொழிலுக்கே கை கால் போன மாதிரி.

அப்போது படம் எடுத்தவர்கள் இரண்டு வழியில் போனார்கள். வழக்கமான படத்தையே நாலு சுவருக்குள், கொஞ்சம் பேரை வைத்து எடுப்பது ஒரு வழி. 2020 அக்டோபரில் அமேசானில் வந்த 'புத்தம் புதுக் காலை' அந்த வகை. ஐந்து இயக்குநர்கள், ஐந்து குறும்படங்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதில் சில கதைகளில் லாக்டவுன் வசனத்தில் மட்டும் வந்து போகிறது என்பது என் எண்ணம். அந்த வசனங்களை வெட்டிவிட்டு, வெளியே மழை என்று வைத்தாலும் கதை நடந்துவிடும்.

பிரிந்திருப்பதையே கதையாக்குவது இன்னொரு வழி. அதே ஆண்டு மே மாதம் கௌதம் மேனன் எடுத்த 'கார்த்திக் டயல் செய்த எண்' பன்னிரண்டு நிமிடப் படம். சிம்பு ஒரு வீட்டில், த்ரிஷா ஒரு வீட்டில், நடுவே ஒரு போன் அழைப்பு. இயக்குநர் தூரத்திலிருந்தே சொல்லிக் கொடுத்து, ஐபோனில் எடுத்தார். 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தின் கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் பத்து வருடம் கழித்துப் பேசுகிறார்கள் என்பதால் அந்தத் தூரம் கதைக்குப் பொருந்தியது. பழைய படத்தின் மேல் நமக்கிருந்த பாசம் பாதிப் பாரத்தைச் சுமந்தது என்பதும் உண்மைதான்.

'ஹோஸ்ட்' இந்த வழியில் கடைசி வரைக்கும் போய்ப் பார்த்தது.

(திரையில்: ஜூம் சதுரங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெயர்.)

கதை ஒன்றும் பெரிதில்லை. ஆறு நண்பர்கள் ஜூமில் கூடி, ஆவியோடு பேசும் ஒரு அம்மாவையும் அழைக்கிறார்கள். அதில் ஜெம்மா என்ற பெண்ணுக்குப் போரடிக்கிறது. பள்ளித் தோழன் ஒருவன் இறந்துபோனதாகவும், அவன் இப்போது வந்திருப்பதாகவும் சும்மா ஒரு கதை கட்டுகிறாள். இல்லாத ஒருவனைக் கூப்பிட்டால் அந்தப் பெயரைப் போர்த்திக்கொண்டு எதுவும் வரலாம் அல்லவா? வந்துவிடுகிறது. எச்சரிக்க வேண்டிய அம்மாவுக்கோ நெட் கட்டாகிவிடுகிறது.

அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பழைய பேய்ப்படங்களில் வில்லங்கமான நேரம் பார்த்து போன் வயர் அறுந்துபோகும். அதை யாரும் நம்புவதில்லை. நெட் கட்டாவதை நம்பாதவர் 2020-இல் யாராவது இருந்தார்களா?

நடிகர்களின் நிஜப் பெயர்தான் பாத்திரங்களின் பெயரும். ஏன் என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. வசனத்தை வரிக்கு வரி எழுதித் தராமல், இந்தக் காட்சியில் இது நடக்கும் என்று மட்டும் சொல்லி, பெரும்பாலும் அவர்களையே பேச விட்டார்கள். பயந்து அலறும் நேரத்தில் வாயில் தானாக வருவது நிஜப் பெயர்தான். அதைத் தடுப்பானேன்?

விளக்கை எங்கே வைப்பது, கேமராவை எந்தக் கோணத்தில் திருப்புவது, மேக்கப், கதவு தானாகத் திறப்பது எல்லாமே நடிகர்கள் கையில். அதற்காக அவர்களுக்கு இணையத்திலேயே பயிற்சி நடந்தது. இந்த வேலைக்கு லட்சக்கணக்கில் செலவு தேவையில்லை. அலமாரிக் கதவில் தங்கூசி நரம்பைக் கட்டி இழுத்தாலே போதும். வெப்கேமின் மங்கல் படத்தில் நரம்பு கண்ணுக்குத் தெரியாது. படம் மோசமாக இருப்பதே இங்கே உதவி.

ஒரே ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

(திரை மெதுவாக ஒரு சதுரத்தை நோக்கி நெருங்குகிறது.)

ஜூமில் நம் பின்னால் கடற்கரை, மலை என்று படம் போட்டுக்கொள்ளலாம் அல்லவா? கரோலின் என்ற பெண், தானே அறைக்குள் நடந்து வருவதை வீடியோவாக எடுத்து அதைப் பின்னணியாகப் போட்டிருக்கிறாள். தோழிகளுக்குக் காட்டிச் சிரிக்க ஒரு விளையாட்டு. படத்தின் தொடக்கத்தில் நாமும் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். பின்னால், வீட்டுக்கு வீடு அலறல் கேட்கும் நேரத்தில், கரோலினின் சதுரத்தில் அதே வீடியோ ஓடுகிறது. கதவைத் திறக்கிறாள், நடந்து வருகிறாள், மறுபடி முதலிலிருந்து. நிம்மதியாக இருப்பவள் போல ஒரு தோற்றம். திடீரென்று அந்த வீடியோவைக் கிழித்துக்கொண்டு, ரத்தம் வழியும் அவளுடைய நிஜ முகம் லேப்டாப்பில் வந்து மோதுகிறது. மறுபடி பின்னணி மூடிக்கொள்கிறது. அவள் சிரித்தபடி நடந்து வருகிறாள். மறுபடி முகம் மோதுகிறது.

கிராபிக்ஸ் கம்பெனி எதுவும் வேண்டாம் இதற்கு. அந்த மாதங்களில் மீட்டிங்கில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும், பின்னணிப் படம் போட்டவர் கையை அசைத்தால் ஓரத்தில் நிஜ அறை பிய்ந்து பிய்ந்து தெரியும். நாம் எரிச்சலோடு பார்த்த அந்தக் கோளாறை எடுத்துப் பயமாக மாற்றிவிட்டார்கள். முகத்தில் முகமூடி மாட்டும் ஃபில்டரையும் விடவில்லை. எம்மா என்ற தோழியின் சதுரத்தில் அந்த முகமூடி யாருமில்லாத வெற்றிடத்தில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபில்டர் அங்கே ஒரு முகத்தைக் கண்டுபிடித்துவிட்டது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

காசு கொடுக்காமல் ஜூம் பயன்படுத்தினால் 40 நிமிடத்தில் அழைப்பு தானாக முடியும். படத்தின் முடிவும் அந்த அழைப்போடுதான் கட்டாகிறது. 57 நிமிடப் படத்தில் 40 நிமிட அழைப்பா என்று கணக்குப் பார்க்காதீர்கள், பேயே வந்துவிட்டது.

சரி, இப்போது என் கதை.

(திரையில்: ஒரு நடுத்தர வீட்டின் ஹால். டியூப்லைட், பழைய ஃபிரிட்ஜ், சுவரில் காலண்டர்.)

அந்த ஜூன் மாதம் எங்கள் வீட்டு ஹாலில், அம்மாவை நடிக்க வைத்து ஒரு குறும்படம் தொடங்கினேன். மகன் வெளிநாட்டில், தாய் தனியாக வீட்டில். ஆறு நாள் எடுத்தேன். முதல் நாளே படத்தில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மின்னி அணைகிறது. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமிலும் வெளிச்சம் விழும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று பூட்டி வைத்தால் பட்டை போய்விடும். தானியங்கியில் விட்டால் போன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது சத்தம். ஃபிரிட்ஜை அணைத்தேன். மறுபடி போட மறந்து ஒருநாள் பால் திரிந்தது. "சினிமா எடுக்கிறானாம், பாலுக்குக் காசு யார் தருவது?" என்று அம்மா கேட்டது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்திலேயே இயல்பான நடிப்பு அதுதான்.

உண்மையிலேயே நோகடித்தது வேறு. மைக்கில் தனியாகப் பதிந்த ஒலியைப் படத்தோடு சேர்த்தால், தொடக்கத்தில் உதடும் குரலும் சரியாக இருக்கும், எட்டு நிமிடம் கழித்துக் குரல் எங்கேயோ போயிருக்கும். போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராக எடுப்பதில்லை. வெளிச்சத்தைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் முதலில் சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் எடிட்டிங்கில் கொண்டுவர வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு வாரம் உதட்டுக்கும் குரலுக்கும் கல்யாணம் செய்துகொண்டிருந்தேன்.

இந்தக் கோளாறுகளை எல்லாம் சரிசெய்த பிறகும் படம் தேறவில்லை. ஹார்ட் டிஸ்க்கில்தான் கிடக்கிறது. ஏன் என்று புரியவைத்தது 'ஹோஸ்ட்'தான். என் கதைக்கு லாக்டவுன் தேவையே இல்லை. நல்ல கேமரா, நல்ல லைட் இருந்தால் இன்னும் நன்றாக எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு ஷாட்டும் கெஞ்சிக்கொண்டிருந்தது. 'ஹோஸ்ட்'டைப் பெரிய கேமராவில் எடுத்தால் கெட்டுப்போகும்.

(திரையில்: கர்சர் மட்டும். ஒரு செய்திப் பெட்டியில் எழுத்துகள் தோன்றி, அழிந்து, மறுபடி தோன்றுகின்றன.)

அதே 2020-இல் கொச்சியிலிருந்து வந்த மலையாளப் படம் 'சி யூ சூன்', செப்டம்பர் 1 அன்று அமேசானில் வெளியானது. எழுத்து, இயக்கம், எடிட்டிங் மூன்றும் மகேஷ் நாராயணன். பகத் ஃபாசில், ரோஷன் மேத்யூ, தர்ஷனா ராஜேந்திரன் நடித்தார்கள். ஐபோனில் எடுத்த படம். டேட்டிங் ஆப்பில் பழகிய பெண் திடீரென்று காணாமல் போகிறாள். அவள் யார் என்று தேடுகிறார்கள். முழுக்கவே கணினியிலும் போனிலும் நடக்கிறது.

மகேஷ் நாராயணன் அடிப்படையில் எடிட்டர். அதை இந்தப் படம் காட்டிக் கொடுத்துவிடும். இந்த வகைப் படத்தில் கேமரா வேலை பாதி எடிட்டிங் மேஜையில்தான் நடக்கிறது. நடிகர்களின் முகத்தைத் தனியாக எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு செய்திப் பெட்டி, அழைப்பு வரும் திரை, திறந்து மூடும் ஜன்னல்கள் எல்லாவற்றையும் எடிட்டிங்கில் கட்டி, அதற்குள் முகத்தைப் பொருத்துகிறார்கள். எங்கே நெருங்க வேண்டும், கர்சர் எங்கே தயங்க வேண்டும் என்பதும் அங்கேதான் முடிவாகிறது. ஒருவன் ஏதோ டைப் செய்கிறான், அழிக்கிறான், வேறு ஒன்றை அனுப்புகிறான். அந்த மூன்று விநாடியில் அவன் மனதில் ஓடியது நமக்குத் தெரிந்துவிடுகிறது. மேடை நாடகத்தில் இதற்கு ஒரு பக்க வசனம் வேண்டியிருக்கும்.

அதனால், வீட்டிலேயே எடுக்கிறோம், செலவே இல்லை என்று இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2018-இல் அமெரிக்காவில் வந்த 'சர்ச்சிங்' இதே பாணிப் படம். படப்பிடிப்பு 13 நாளில் முடிந்தது. எடிட்டிங்குக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆனது. செலவு குறைவதில்லை, லைட்மேனிடமிருந்து எடிட்டரின் தலைக்கு இடம் மாறுகிறது. அந்த எடிட்டர் நீங்களே என்றால் சம்பளம் மிச்சம், தூக்கம் போச்சு.

(திரையில்: மறுபடி ஜூம் சதுரங்கள். இரண்டு மட்டும் மிச்சம்.)

கடைசியாக ஒரு காட்சி. 'ஹோஸ்ட்' முடியும் தறுவாயில் ஜெம்மா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தோழி ஹேலியின் வீட்டுக்கு ஓடி வருகிறாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பேய் வீட்டுக்குள்தான் இருக்கிறது. இவ்வளவு நேரம் சதுரத்துக்குள் இருந்த இரண்டு பேர் முதல்முறையாக நேரில் சந்திக்கிறார்கள். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று பார்த்தால், ஒருவர் முழங்கையை இன்னொருவர் முழங்கையால் லேசாக இடித்துக்கொள்கிறார்கள்.

போன மாதம் இதை மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். பேய்ப்படம் பார்க்கக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தும் அவள் மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். லாக்டவுனில் கைக்குழந்தையாக இருந்தவன். ரத்தத்துக்கெல்லாம் அசரவில்லை. இந்த இடம் வந்ததும் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான்.

"மாமா, எதுக்கு ரெண்டு பேரும் முட்டியால இடிச்சுக்கிறாங்க?"