கலயம் கிடைத்தது, கதை எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "தொல்பொருளைக் காப்பாற்றியது சேகரிப்பாளரின் ஆசையா, அகழ்வாய்வாளரின் குறிப்பேடா?" என்பது தலைப்பு. நான் குறிப்பேட்டின் பக்கம்.

எதிரணி நண்பர் மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் பழங்காலத்தில் வாழ்ந்த சபோடெக் மக்களின் கலயத்தைச் சான்று காட்டினார். "காசு கொடுத்து வாங்கி வைத்ததால்தானே இன்று பார்க்கிறோம்!" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். சரி, அதே கலயத்தை எடுத்துக்கொள்வோம்.

சாம்பல் நிறச் சுடுமண். சம்மணமிட்டு உட்கார்ந்த உருவம், முழங்கால் மேல் கைகள், காதில் வட்டக் குழை, முகத்தைவிடப் பெரிய தலையலங்காரம். மழைக்கும் மின்னலுக்கும் உரிய கோசிஹோ தெய்வம் என்றால் பிளவுபட்ட நாக்கும் தொங்கும். இவ்வளவு வேலைப்பாட்டையும் ரசித்துவிட்டுப் பின்பக்கம் போனால் வெறும் உருளைக் குவளை! உள்ளே பெரும்பாலும் எலும்பும் இல்லை, சாம்பலும் இல்லை. அப்படியானால் இது எதற்கு? அந்தப் பதில், அது இருந்த இடத்தில் இருக்கிறது ஐயா. 1931 முதல் சபோடெக் மக்களின் பழைய நகரமான மோன்டே அல்பானில் தோண்டிய தொல்லியலாளர் அல்போன்சோ காசோவின் குழுவினர், 104ஆம் எண் கல்லறை வாசலுக்கு மேலே மாடத்தில் இப்படியொரு கலயத்தைக் கண்டார்கள். கல்லறைக்குள் சுவரெல்லாம் வண்ண ஓவியம். கல்லறைக்கென்று வைத்த பொருள் அது என்று தெரியும்படி இடத்தைப் பதிவு செய்து வைத்ததால்தான் கலயம் இன்று நம்மிடம் பேசுகிறது.

பெரிய உருவத்துக்குத் துணையாகச் சின்ன உருவங்களை வைப்பதும் சபோடெக் மக்களின் வழக்கம். விற்பனைக்கு வந்ததும் ஜோடிகள் பிரிந்து ஆளுக்கொரு நாட்டுக்குப் போயின. விற்றவர் எங்கே எடுத்தோம் என்று ஒரு வரி எழுதினாரா?

அப்புறம் போலி. வாங்க ஆள் இருந்தால் சரக்கும் வந்துவிடுமே! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வஹாக்காவிலேயே கலயம் செய்து பழசென்று விற்றார்கள். 1910இல் மெக்சிகோ தொல்லியலாளர் லியோபோல்டோ பாத்ரெஸ் மெக்சிகோவின் போலித் தொல்பொருள்களைப் பற்றி நூலே எழுதினார். பிரிட்டிஷ் துணைத் தூதர் கான்ஸ்டன்டைன் ரிக்கார்ட்ஸ் வஹாக்காவிலேயே வாழ்ந்தவர். அவர் சேர்த்தவை கனடாவில் டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்துக்குப் போயின. மண் கடைசியாக எப்போது சூளை கண்டது என்று காட்டும் வெப்ப ஒளிர்வுச் சோதனையைப் பிற்பாடு செய்தபோது, பல கலயங்கள் அண்மைக்காலத்தவை என்று தெரிந்தது. உள்ளூரிலேயே இருந்தவர் கதியே இது!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வஹாக்கா மருத்துவர் பெர்னாண்டோ சொலோகுரென் சேர்த்தவை மெக்சிகோ தேசிய அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தன. நல்லவர்களும் இருந்தார்கள். ஆனால் "விட்டிருந்தால் கலப்பையில் உடைந்திருக்கும்" என்றாரே நண்பர், ஆயிரம் ஆண்டுக்கு மேல் கல்லறைக்குள் பத்திரமாக இருந்ததை வெளியே இழுத்தது கலப்பையா, கொடுத்த விலையா? அனுமதியின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று 1897லேயே மெக்சிகோ சட்டம் போட்டதே, சும்மாவா?

கடைசியாக ஒன்று. ஊர்பேர் தெரியாத கலயம் அசலா போலியா என்று உருவத்தை வைத்துப் பார்க்க வேண்டுமானால், எதனோடு ஒப்பிடுகிறார்கள்? முறையாகத் தோண்டி, இடம் குறித்து வைத்த கலயங்களோடு. நண்பரின் கட்சிக்கே எங்கள் குறிப்பேடுதான் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. மணி அடித்துவிட்டீர்கள், நன்றி ஐயா.