எஸ்எஸ்டி தானே பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, நம்பலாமா?

ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நான் வாங்கிய எஸ்எஸ்டி பெட்டியிலேயே ஹார்டுவேர் என்கிரிப்ஷன் என்று போட்டிருந்தது, லேப்டாப்பில் பிட்லாக்கரும் ஆன் செய்திருக்கிறேன். லேப்டாப் தொலைந்தாலோ, பிறகு விற்றாலோ என் ஃபைல்கள் பத்திரம்தானே?"

உடனே ஆமாம் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸோடு வருகிற பூட்டு வசதியான பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தாலும், என்கிரிப்ட் செய்வது, அதாவது கீ என்கிற ரகசிய எண் இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவை மாற்றுவது, விண்டோஸா, ஃபைல்களைச் சேமிக்கிற டிரைவான எஸ்எஸ்டியா என்று முதலில் பார்க்க வேண்டும்.

2018 நவம்பரில் நெதர்லாந்தின் ராட்பௌட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில குருஷியல், சாம்சங் எஸ்எஸ்டிகளின் ஃபர்ம்வேரை, அதாவது டிரைவுக்குள்ளேயே இருந்து அதை இயக்குகிற மென்பொருளை, அலசி முடிவுகளை வெளியிட்டார்கள். குருஷியல் எம்எக்ஸ்100-ல் நாம் கொடுக்கிற பாஸ்வேர்டுக்கும் டேட்டாவை என்கிரிப்ட் செய்கிற கீக்கும் சம்பந்தமே இல்லை. பாஸ்வேர்டு சரியா தப்பா என்று ஃபர்ம்வேர் ஒரு இடத்தில் சோதிக்கிறது, அவ்வளவுதான். சர்க்யூட் போர்டில் இருக்கிற டீபக் (பழுது பார்க்கும்) இணைப்பு வழியாக உள்ளே போய், அந்தச் சோதனை எப்போதும் "சரி" என்றே சொல்லும்படி மாற்றிவிட்டால் எந்தப் பாஸ்வேர்டு போட்டாலும் திறந்துகொள்ளும். இதில் பெரிய கொடுமை, அப்போது பிட்லாக்கர், எஸ்எஸ்டி தானே என்கிரிப்ட் செய்வதாகச் சொன்னால் அதை அப்படியே நம்பி, வேலையை அதனிடமே விட்டுவிடும். 2019-ல் மைக்ரோசாஃப்ட் இதை மாற்றி, புதிதாக என்கிரிப்ட் செய்யும் டிரைவுகளுக்கு விண்டோஸே அந்த வேலையைச் செய்யும்படி வைத்தது. ஆனால் ஏற்கெனவே என்கிரிப்ட் செய்தது பழையபடியேதான் இருக்கும்.

அதனால் கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ் (manage-bde -status) என்று கொடுங்கள். என்கிரிப்ஷன் மெத்தட் என்ற வரியில் எக்ஸ்டிஎஸ்-ஏஇஎஸ் 128 என்று வந்தால் நல்லது. ஹார்டுவேர் என்கிரிப்ஷன் என்று வந்தால், விண்டோஸை அப்டேட் செய்துவிட்டு, பிட்லாக்கரை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடியும் போடுங்கள்.

அப்புறம் விற்பது. எஸ்எஸ்டியில் ஒரு ஃபைலின் மேல் வேறு எதையாவது எழுதினால் அது அதே செல்லில், அதாவது பழைய இடத்திலேயே, போய் உட்காராது. தேய்மானம் சமமாக இருக்க வேண்டும் என்று எஸ்எஸ்டியை நடத்துகிற சிப்பான கன்ட்ரோலர் வேறு பிளாக்கில் எழுதிவிடும், பழையது அழிக்கப்படும் வரை உள்ளேயே கிடக்கும். சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 2011-ல் சோதித்தபோது, தனி ஃபைலை மேலெழுதி அழிக்கிற முறைகள் எஸ்எஸ்டியில் பலிக்கவில்லை, சில டிரைவுகளில் உள்ளிருக்கிற அழிக்கும் கமாண்டே சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே ஃபைல்களை ஏற்றுவதற்கு முன்பே, வாங்கிய அன்றே என்கிரிப்ட் செய்துவிடுங்கள். மிஞ்சிக் கிடக்கிற பிளாக்கை யாராவது படித்தாலும் ஒன்றும் புரியாது.

டிரைவ் திடீரென்று செத்துப்போனாலும் இதுதான் காப்பாற்றும், ஏனென்றால் செத்த டிரைவை உங்களால் அழிக்க முடியாது, அப்படியேதான் வாரண்டிக்குக் கொடுக்க வேண்டும். திடீர்ச் சாவு நடக்காத விஷயம் இல்லை. 2019-ல் சர்வர் தயாரிக்கிற எச்பிஇ நிறுவனம், தன் சர்வர் எஸ்எஸ்டிகளில் சில மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், டேட்டாவையும் மீட்க முடியாது என்று அறிவித்து ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்தது. பல டிரைவுகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுகிற ரெய்டில் ஒரே நாளில் போட்ட டிரைவுகள் ஏறக்குறைய ஒன்றாகவே போய்விடும் நிலைமை, யோசித்துப் பாருங்கள். வீட்டு டிரைவுக்கும் ஃபர்ம்வேர் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள், போடுவதற்கு முன்னால் பேக்கப் எடுத்துவிடுங்கள்.

பிட்லாக்கர் தருகிற 48 இலக்க ரெக்கவரி கீயை மட்டும் அதே லேப்டாப்பில் வைக்காதீர்கள். மதர்போர்டு மாற்றினால் அதைத்தான் கேட்கும், அது இல்லையென்றால் உங்கள் ஃபைல்கள் உங்களுக்கே திறக்காது.