பேச்சு காற்றோடு போவதில்லை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மக்களவை உறுப்பினரின் பெயர் நிலைப்பது தொகுதிப் பணியாலா, அவைப் பணியாலா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "பாலமும் பள்ளிக்கூடமும் நிற்கும், பேச்சு காற்றோடு போய்விடும்" என்றார். அவருக்கு நான் தரும் விடை ஃபெரோஸ் காந்தி.

ரேபரேலிப் பகுதி மக்கள் 1952இலும் 1957இலும் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகன். இதை மறவாமல், நான் சொல்லப்போவதைக் கேட்க வேண்டுகிறேன்.

தனியார் காப்பீட்டு நிறுவனத்தில் மக்கள் கட்டிய பணம் முதலாளியின் சொந்தத் தொழிலுக்குத் திருப்பிவிடப்பட்டதை அவர் 1955 டிசம்பரில் அவையில் எடுத்துரைத்தார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு தன் கையில் எடுத்தது. 245 நிறுவனங்கள் இணைந்து 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. வேறொருவராக இருந்தால் அந்த வெற்றியோடு நிறைவு கொண்டிருப்பார். அவரோ, அந்த எல்.ஐ.சி. தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியதை அறிந்தபோது, தம் கட்சியின் ஆட்சி என்றும் மாமனாரின் அமைச்சரவை என்றும் பாராமல், 1957 டிசம்பர் 16 அன்று மக்களவையில் எழுந்து கணக்குக் கேட்டார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஆணையம் அமைந்தது. விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கலந்தாலோசிக்காமலே அந்தப் பங்குகள் வாங்கப்பட்டன என்பது வெளிப்பட்டது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் மண்ணைச் சேர்ந்த பேரறிவாளர், 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். சிறுகச் சிறுகச் சேர்த்துப் பாலிசி கட்டிய குடும்பங்கள் நாடெங்கும் இருந்தன. அவர்கள் எல்லாருக்காகவும் எழுந்த குரலை ஒரு தொகுதியின் எல்லைக்குள் வைத்து எப்படி அளப்பது?

காற்றோடு போகும் என்ற சொல்லுக்கு வருகிறேன். அவையில் உறுப்பினர் எதையும் பேசலாம், அதை அச்சிட்ட பத்திரிகைமீது வழக்குப் பாயலாம் என்பதே அன்றைய நிலை. லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' நாளிதழின் நிர்வாகத்தை நடத்திய ஃபெரோஸுக்கு அந்த அச்சம் பழக்கமானது. ஆகவே அமைச்சர் பதவி ஏதுமில்லாத அவர், தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்து, அவை நடவடிக்கைகளை உள்ளபடி வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை 1956இல் நிறைவேறச் செய்தார்.

1960 செப்டம்பர் 8 அன்று, 48 வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, மாரடைப்பால் மறைந்தார். நெருக்கடி நிலையின்போது, அவருடைய மனைவி இந்திரா காந்தியின் அரசே அந்தச் சட்டத்தை நீக்கியது. இதைச் சொல்லும்போது என் நெஞ்சு கனக்கிறது. ஆனால் 1977இல் அது மீண்டும் வந்தது. மறு ஆண்டு 44ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை 361ஏ என்னும் பிரிவாக அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. தோழர் அவர்களே, அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.