பாலத்தடியும் பூங்கா பெஞ்சும்

(நடைப்பயிற்சியாளர் சங்க ஆண்டு விழாவில் பேசியது)

தலைமை வகிக்கும் சங்கத் தலைவர் ஐயா அவர்களே, மூன்று நிகழ்ச்சிகளுக்கு நடுவே நமக்கும் நேரம் ஒதுக்கிய வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, விடியுமுன் கேட்டைத் திறந்துவிடும் காவலாளி அண்ணன் அவர்களே (அவருக்கும் மேடையில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம்), அனைவருக்கும் வணக்கம்.

பொதுவெளியில் ஜென் தியானம் என்பது தலைப்பு. ஜென் என்றால் ஜப்பானில் வேரூன்றிய பௌத்தத் தியான மரபு. வரலாறு, செய்முறை, பலன் என்று மூன்றையும் பேசுவேன் என நோட்டீஸில் போட்டுவிட்டார்கள். சரி, அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், தொடங்குகிறேன்.

ஜென் என்றதும் நம்மில் சிலருக்குக் கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையில் இருக்கும் போதி ஜென்டோ என்ற தியான மையம் ஞாபகம் வரும். அருமையான இடம். ஆனால் மலை ஏற வசதியில்லாதவர் எங்கே உட்காருவார்?

ஜப்பானின் கியோட்டோ நகரில் தைத்தோ என்றொரு ஜென் துறவி, 1282இல் பிறந்தவர். ஞானம் கிடைத்த பிறகும் மடத்துப் பக்கம் போகாமல், கோஜோ பாலத்தடியில் பிச்சைக்காரர்களோடு பல வருடம் கிடந்தார் என்பார்கள். பேரரசருக்கு அவரைப் பார்க்க ஆசை. கந்தல் கட்டிய கூட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? தைத்தோவுக்கு முலாம்பழம் என்றால் உயிர் என்று யாரோ சொன்னார்களாம். உடனே கூடை கூடையாகப் பழம் பாலத்துக்கு வந்தது. அதிகாரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே, “காலால் நடக்காமல் வருபவருக்கு இந்தப் பழம்” என்றார். எல்லோரும் விழித்தார்கள். ஒருவர் மட்டும், “அப்படியா? நீ கையால் தொடாமல் கொடு” என்றார். ஆள் அகப்பட்டார்! (சிரிப்பு) வாய் சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பார். பிறகு அவர் நிறுவிய தைத்தோகுஜி மடம் இன்றும் கியோட்டோவில் இருக்கிறது.

அவர் பெயரில் ஒரு சின்னப் பாட்டும் உண்டு. தியானத்தில் உட்கார்ந்தால், பாலத்தில் போய்வரும் ஆட்களைக் காட்டு மரங்களாகப் பார் என்கிறது. போகிறவர் நமக்குப் பணம் தர வேண்டியவராக இருந்தால் கொஞ்சம் சிரமம்தான்.

செய்முறை இவ்வளவுதான்: முதுகு நேராக, கண் பாதி திறந்து தரையைப் பார்த்தபடி, வலது உள்ளங்கைமேல் இடது கை, கட்டைவிரல்கள் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். மூச்சை ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணுங்கள். விட்டுப்போனால் மறுபடி ஒன்று. கால் மரத்தால் எழுந்து மெதுவாக நடக்கலாம். இதற்குக் கின்ஹின் என்று பெயர். சோதோ என்ற ஜென் பிரிவில் ஒரு மூச்சுக்கு அரை அடி. அடி மேல் அடி என்றேனே, அதுதான்!

ஜப்பானிலேயே கோமோரோ என்ற ஊரில் பழைய கோட்டை இருந்த இடம் இப்போது பூங்கா. யோகோயாமா சோதோ (இந்தச் சோதோ பிரிவின் பெயரல்ல, அவர் பெயர்) என்ற துறவி 1980இல் இறக்கும்வரை பல ஆண்டுகள் அதையே மடமாக்கிக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர்களுக்கு இலையை உதட்டில் வைத்துப் பாட்டு ஊதிக் காட்டுவார். அங்கேயும் நம் பூங்கா மாதிரி பகலில் பூட்டியிருந்தால் அவர் எங்கே போயிருப்பார்?

நம் பூங்காவுக்குப் பத்து மணிக்கே பூட்டு. நிழல் தேவைப்படும் நேரத்தில் மரங்கள் உள்ளே, நாம் வெளியே. காலையிலோ கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். கவுன்சிலர் அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது: பகல் முழுக்கக் கேட் திறந்திருக்க வேண்டும், அரசமரத்தடி ஸ்பீக்கரையாவது கழற்ற வேண்டும். மனு மூன்றாம் முறை போகிறது. அம்மி நகரும்!

பலனைப் பற்றிப் பேச நேரமில்லை, மணி அடித்துவிட்டார்கள். பொருளாளர் கையில் மனுவுக்கான நோட்டு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு வடை எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.