பலகையில் என்ன எழுதினோம்

அவைத்தலைவர் அவர்களுக்கும், செவிலியர் பயிற்சியில் இருக்கும் மாணவியருக்கும், வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

பெருந்தொற்றுக் காலத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் தன் நோயாளிகளுக்கு எப்படிச் செய்தி சொன்னது என்பதைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். நான் டெல்டா பகுதியில் அப்படிப்பட்ட ஒரு நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொல்ல வந்தவற்றில் எங்கள் தவறுகளும் இருக்கின்றன. அவற்றுக்காக என்னோடு உழைத்தவர்களை யாரும் விரல் நீட்டிக் காட்டுவதை நான் விரும்பவில்லை.

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாள் காலை எங்கள் வாசலில் ஒரு தாள் ஒட்டப்பட்டது: 'கொரோனா நோய்த்தொற்றுப் பரவலைத் தடுக்கும் பொருட்டுப் பொதுமக்கள் தேவையற்ற வருகையைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' அதை எழுதச் சொன்னவன் நான்தான். இலக்கணப் பிழை இல்லை, விதிமுறைக்குப் புறம்பாகவும் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தாளைப் பேரன் படித்துச் சொல்லக் கேட்ட ஒரு மூதாட்டி, 'ஆஸ்பத்திரிய மூடிட்டாங்களாம்' என்று புரிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டார். அவர் சர்க்கரை நோயாளி. கையிலிருந்த மெட்ஃபார்மின் அட்டை தீர்ந்ததும், மூன்று வாரம் மாத்திரை இல்லாமல் வீட்டிலேயே இருந்திருக்கிறார். காலில் புண்ணோடு அவரைப் பின்னர் அழைத்து வந்தபோது இரத்தச் சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. "தேவையில்லாம வராதேன்னு போட்டிருந்துச்சே சாமி, எனக்குத் தேவையா இல்லையான்னு எனக்கெப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. பிறகு நாங்கள் செய்தவை எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு விடை தேடியவைதாம்.

கிருமியின் வடிவம், அது பரவும் விதம், கை கழுவும் முறை ஆகியவற்றை விளக்கும் சுவரொட்டிகள் எங்களுக்குக் கட்டுக்கட்டாக வந்தன. அவை வேண்டியவைதாம். ஆயினும் எங்களிடம் வந்தவர்களின் கேள்விகள் வேறாக இருந்தன. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் செக்கப் உண்டா? புதன்கிழமை குழந்தைக்குத் தடுப்பூசி போடுவார்களா? காசநோய் மாத்திரை வாங்கப் போகிறவரைப் போலீஸ் வழியில் மறித்தால் எதைக் காட்டுவது? உலகம் முழுவதும் கிருமியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் நோயாளிகள் தங்கள் நாட்காட்டியைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு சிறிய மருத்துவ நிலையம் முதலில் விடை சொல்ல வேண்டியது அந்த நாட்காட்டிக்குத்தான் என்பதே என் கருத்து.

ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, அங்கன்வாடியிலிருந்து ஒரு கரும்பலகையை வாங்கி வந்து வாசலில் சாய்த்து வைத்தோம். அதில் எழுதியது ஏறத்தாழ இப்படி இருக்கும்: 'இன்று செவ்வாய். நிலையம் திறந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்குச் செக்கப் உண்டு. சுகர், பிரஷர் மாத்திரை 2 மாதத்துக்குச் சேர்த்துத் தரப்படும். வீட்டில் யாராவது ஒருவர் நோட்டைக் கொண்டுவந்தால் போதும். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் வேப்பமரத்தடிப் பந்தலுக்கு வரவும்.' மேலே தேதி. எங்கள் மருந்தாளுநர் ஒவ்வொரு நாள் காலையிலும் முந்தைய நாள் தேதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதுவார். அச்சடித்த சுவரொட்டியை விட அந்தச் சாக்குக்கட்டி எழுத்தை மக்கள் நம்பினார்கள் என்றால், அதற்குக் காரணம் எழுத்தன்று, தேதி. யாரோ ஒருவர் இன்று காலை உள்ளே இருக்கிறார் என்பதை அது சொன்னது.

ஆனால் பலகை, வாசல் வரை வருகிறவருக்குத்தான். சமவெளிப் பகுதியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. அந்த 5,000 பேருக்கும் பொறுப்பானவர் கிராம சுகாதார செவிலியர். பேருந்து ஓடாத அந்த நாட்களில் அவருடைய கைப்பேசியே எங்கள் நிலையமாக இருந்தது. கர்ப்பிணிகளின் எண்கள் பதிவேட்டில் சரியாக இருந்தன. பேறுகால உதவித்தொகைக்காகப் பதிவு செய்யும்போதே அவற்றைச் சரிபார்த்திருந்தோம். சர்க்கரை நோயாளிகளின் எண்களை அழைத்தபோதோ, பாதி எண்களைத் திருப்பூரில் இருக்கும் மகன்கள் எடுத்தார்கள். அம்மாவின் மாத்திரைச் செய்தி திருப்பூர் போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. அதற்கு முன்பாக, யாரை அழைத்தாலும் அப்போது கைப்பேசியில் முதலில் ஒலித்த கொரோனா அறிவிப்பின் இருமலையும் அறிவுரையையும் முழுக்கக் கேட்டாக வேண்டும். "நர்சம்மா, ஒங்களுக்கே இருமலா?" என்று திருப்பி அழைத்த ஒரு பெரியவர் கவலையோடு கேட்டதும் உண்டு.

செவிலியர் ஒருவர் இதற்கென்று பள்ளிக்கூட நோட்டு ஒன்றைப் போட்டார். தெருவாரியாகப் பெயர், என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு இருக்கிறது, எந்த எண்ணை அழைத்தால் யார் எடுப்பார்கள் என்று எழுதினார். தொலைபேசியே இல்லாத வீடுகளைக் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்தார். அந்த வீடுகளுக்கான செய்தியை நியாய விலைக் கடையில் சொல்லி வைத்தோம். 2020 ஏப்ரலில் அரசு 1,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தபோது நாளும் நேரமும் குறித்த டோக்கன் வீடு வீடாகப் போனதல்லவா? நிவாரணம் வாங்க எல்லா வீட்டிலிருந்தும் ஒருவராவது கடைக்கு வந்தார். அந்த வரிசையில் நின்று செவிலியர் பத்து நிமிடம் பேசியது, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ நாள் முழுதும் சுற்றியதை விடப் பயன் தந்தது. ஆட்டோவிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது.

இந்த இடத்தில் சற்றே விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர் உள்ளே போகமாட்டார். தண்ணீரோ இளநீரோ கொண்டுவந்தால் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். தள்ளி நில் என்பதையும், இந்த வீட்டை மதித்து நட என்பதையும் ஒரு கொத்து இலை சேர்த்தே சொன்னது. 2020-இல் நாம் என்ன செய்தோம்? தொற்று வந்த வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர் ஒட்டினோம், தெருவைத் தகரம் வைத்து அடைத்தோம். நோய் வந்தவர் குற்றவாளியைப் போல் ஆனார். விளைவு என்னவென்றால், காய்ச்சல் வந்தவர்கள் பந்தலுக்கு வருவதை விட்டுவிட்டு மருந்துக்கடையில் பாராசிட்டமால் வாங்கி ஒளிந்துகொண்டார்கள். தகரமும் ஒரு செய்திதான், 'சொன்னால் மாட்டிக்கொள்வாய்' என்ற செய்தி. நாங்கள் பலகையில் எழுதிய பத்து வரிகளை அந்த ஒரு தகரம் அழித்துவிட்டது. தகுதியுள்ள அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் வீடுகளில் இத்தகைய அறிவிப்புகளை ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில்தான் சொன்னது. அதற்குள் முதல் அலை ஓய்ந்துகொண்டிருந்தது.

அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அடக்கத்தைத் தடுப்பதைக் குற்றமாக்கி அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. புதைத்த உடலிலிருந்து காற்று வழியாகக் கிருமி வரும் என்ற பேச்சு அப்போது எங்கள் ஊர் வரை வந்திருந்தது. வதந்தி என்று சொல்லித் தள்ளாமல், மூச்சு விடாத உடலிலிருந்து இருமலும் தும்மலும் வராது, உறைக்குள் வைத்து ஆழப் புதைத்த பின் நீங்கள் நிற்கும் இடத்துக்கு எதுவும் வராது என்று செவிலியர்கள் பொறுமையாகச் சொன்னார்கள். கேட்டவரை மூடர் என்று எண்ணிக்கொண்டு சொல்லும் விளக்கம் எவ்வளவு சரியானதாக இருந்தாலும் காதில் ஏறாது.

மாறிக்கொண்டே இருந்த அறிவுரைகள் எங்களுக்குப் பெரும் சோதனையாயின. தொடக்கத்தில் நோயாளிகளும் அவர்களைக் கவனிப்பவர்களும் மட்டும் முகக்கவசம் அணிந்தால் போதும் என்றோம். 2020 ஏப்ரலில் வீட்டில் தைத்த துணிக்கவசத்தை எல்லோரும் அணியுங்கள் என்றோம். தடுப்பூசியில் இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. 2021 ஜனவரி 16-இல் தடுப்பூசி தொடங்கியபோது கோவிஷீல்டு இரண்டாம் தவணைக்கு 4 முதல் 6 வாரம் என்று சொன்னோம். மார்ச்சில் அது 6 முதல் 8 வாரமாயிற்று. மே 13-இல் 12 முதல் 16 வாரமாயிற்று. கோவேக்சினுக்கோ பழைய இடைவெளியே தொடர்ந்தது. அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் இருவர், ஒரே மாதத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள், இருவேறு தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். 'ஊசி தீர்ந்துபோச்சு, அதான் நாளைத் தள்ளுறாங்க' என்பது ஊரின் முடிவு.

இதற்கு என்ன சொல்வது என்று அன்று மாலை நாங்கள் உட்கார்ந்து பேசினோம். இருப்புக் குறைவு உண்மை. பல நாட்கள் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தோம். இடைவெளி கூடினால் பாதுகாப்பும் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டியதும் உண்மை. இரண்டையும் சொல்வது என்று முடிவு செய்தோம். ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்லியிருந்தால், மறைத்தது தெரிந்த அன்றே சொன்னதும் பொய்யாகியிருக்கும். 'போன மாதம் சொன்னது இது, இப்போது மாறியது இது, மாறியதற்குக் காரணம் இது' என்று மூன்று வரியில் பலகையில் எழுதினோம். பழைய வரியை அழிக்காமல், குறுக்கே ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு, அதன் கீழே புதியதை எழுதச் சொன்னேன். மேலதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, நாமே நம் தவற்றை விளம்பரம் செய்வதா என்று கடிந்துகொண்டார். எனக்கு அது தவறாகத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

இந்த மாற்றத்துக்கு ஒரு மாதம் முன்பு, 2021 ஏப்ரல் 15-இல் நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் பலர் அறியத் தடுப்பூசி போட்டுக்கொண்டு, எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி விடியற்காலையில் காலமானார். எங்கள் வரிசை அன்றே கரைந்துவிட்டது. இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்திருந்தார்கள். தடுப்பூசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று, ஊசிக்குப் பின் நேரும் பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு சொன்னது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதம் நாங்கள் என்ன பேசியிருக்க முடியும்? உறுதிமொழி கொடுப்பதை விட்டுவிட்டு, ஊசிக்குப் பின் என்ன நடக்கும் என்பதை மட்டும் விளக்கமாகச் சொல்லத் தொடங்கினோம். 'அரை மணி நேரம் இங்கேயே உட்காருங்கள், கண்ணெதிரே நாங்கள் இருக்கிறோம். இரவு காய்ச்சல் வரலாம், கை வலிக்கும். ஒரு பாராசிட்டமால் போடுங்கள். இரண்டு நாளைக்கு மேல் நீடித்தாலோ நெஞ்சு வலித்தாலோ இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.' முன்பெல்லாம் ஊசி போட்டவருக்கு இரவில் காய்ச்சல் வந்தால் 'ஊசி போட்டுக் காய்ச்சல் வந்துவிட்டது' என்று தெருவே பேசும். முன்கூட்டிச் சொன்ன பிறகு, 'நர்சம்மா சொன்ன மாதிரியே வந்துச்சு' என்றார்கள். காய்ச்சல் அதே காய்ச்சல்தான்.

இரண்டாம் அலையைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு மனமில்லை. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது என்பதைச் சொன்னால் போதும். அந்த வாரங்களில் நாங்கள் ஒரே ஓர் எண்ணைக் கற்பித்தோம்: 94. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கருவி காட்டும் இரத்த ஆக்சிஜன் அளவு அதற்குக் கீழே இறங்கினால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள் என்றோம். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் வேறு விரலில் பாருங்கள், விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள், உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறு நிமிடம் நடந்த பின் மறுபடியும் பாருங்கள் என்பதையெல்லாம் செவிலியர்கள் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். தெருவுக்கு ஒரு கருவிகூட இல்லாத இடத்தில் அது துணியில் சுற்றி வீட்டுக்கு வீடு போயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, தாத்தாவின் விரலில் மாட்டிய கருவியைப் பார்த்து, 'ஒன்பதுக்குப் பக்கத்துல வேற எழுத்து வந்திருக்கு' என்று அழைத்துச் சொன்னார். அவர் பார்த்தது 91. வண்டி போய்ச் சேர்ந்தது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீடு தேடிப் போகத் தொடங்கின. எங்கள் பகுதிக்குத் தேர்வான பெண் சுகாதாரத் தன்னார்வலர் முதல் நாள் வந்து, எந்தத் தெருவிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டார். செவிலியர் மேசை இழுப்பறையைத் திறந்து, ஓரம் சுருண்டுபோன அந்தப் பள்ளிக்கூட நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவரிடம் கொடுத்தார்.