இருக்கிற கணக்குக்கு என்ன குறை?

நேயர்களுக்கு வணக்கம். வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன் நான், அதில் பாதி சர்வீஸ் பெங்களூரில். அதனால் கல்யாணப் பந்தியில்கூட யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "பையனுக்கு வெளிமாநிலத்தில் வேலை கிடைத்திருக்கிறது சார், அங்கே எந்த பேங்க் நல்லது?" என்று கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: இருக்கிற கணக்குக்கு என்ன குறை?

பெரும்பாலும் பதில் வராது. ஊர் மாறினால் பேங்க்கையும் மாற்ற வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பழக்கம். அப்போது அதற்குக் காரணம் இருந்தது. கணக்கு எந்தக் கிளையிலோ அங்கேதான் லெட்ஜர், வெளியூர் செக் போட்டால் அது தபாலில் போய், கமிஷன் பிடித்து, பணம் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். இன்றைக்கு எந்தக் கிளையிலும் உங்கள் கணக்கு திரையில் தெரியும். ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து ராத்திரி பகல், ஞாயிறு, பண்டிகை எதுவும் பார்க்காமல் ஓடுகிறது. அதே வங்கிக்குப் புது ஊரில் கிளை இருந்தால் கணக்கை அங்கே மாற்றித் தரச் சொல்லுங்கள், போதும். ஒரு கிளையில் கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சான்றுகளை, முழுசாகக் கொடுத்து, அது காலாவதி ஆகாமல் இருந்தால், அதே வங்கியின் இன்னொரு கிளைக்கும் அது செல்லும், இது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலும் கணக்கு எண்கூட மாறாது, கிளையின் குறியீடான ஐஎஃப்எஸ்சி மட்டும் மாறும். சம்பளம், எல்ஐசி என்று அதை எழுதிக் கொடுத்த இடங்களில் மட்டும் புதுசைச் சொல்லிவிடுங்கள்.

சரி, எல்லாருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. கூட்டுறவு வங்கியிலோ தமிழ்நாடு கிராம வங்கியிலோ கணக்கு வைத்திருப்பவருக்கு ஓசூரைத் தாண்டினால் கிளை கிடையாது. அவர்கள் புதுசாகத் தேடத்தான் வேண்டும். அப்படித் தேடும்போது தபால் நிலையத்தை மறந்துவிடாதீர்கள். 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும், இந்தியாவில் எந்த ஊருக்கும் கணக்கை மாற்றிக்கொள்ளலாம்.

தேடுகிறவர்கள் வட்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சேமிப்புக் கணக்கு வட்டியில் அரை சதவீதம் கூடக் கிடைத்து என்ன ஆகப்போகிறது? மினிமம் பேலன்ஸைப் பாருங்கள். பல தனியார் வங்கிகளில் அது கிளை இருக்கும் இடத்தைப் பொறுத்தது: கிராமத்துக்கு ஒரு தொகை, பெருநகரத்துக்குப் பல மடங்கு. ஊரில் நிம்மதியாக இருந்த கணக்கைப் பெங்களூருக்கு மாற்றியதும் அபராதம் பிடிக்க ஆரம்பிக்கும். அரசு வங்கிகளில் ஸ்டேட் வங்கி 2020லும், கனரா வங்கி 2025 ஜூனிலும் இந்த அபராதத்தை எடுத்துவிட்டன. ஏடிஎம் கணக்கும் ஊரைப் பொறுத்ததுதான். வேறு வங்கி ஏடிஎம்மை மாசத்துக்கு 5 முறை இலவசமாகப் பயன்படுத்திப் பழகியவருக்கு, பெங்களூர், ஹைதராபாத், மும்பை போன்ற ஆறு பெருநகரங்களில் 3 முறைதான். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் 23 ரூபாய் வரை போகும்.

அப்புறம், "நம்ம ஊர் பேங்க்" பிரியர்கள். கரூர் வைசியா, தூத்துக்குடியில் பிறந்த மெர்க்கன்டைல் வங்கி, கும்பகோணத்து சிட்டி யூனியன் என்று தேடி, ரெண்டு பஸ் மாறிப் போவார்கள். பாசம் புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் தமிழ் பேசும் ஆபீசர் மூணு வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார், நானே அப்படிப் போனவன்தான். நீங்கள் நடந்து போகிற தூரத்தில் இருக்கும் கிளை எங்கேயும் போகாது. நேரில் போக வேண்டியது வருஷத்துக்கு ஓரிரு தடவைதான், ஆனால் அந்த ஓரிரு தடவையும் அவசரமாகத்தான் இருக்கும். அதனால் திரும்பவும் சொல்கிறேன், பெயரைப் பார்க்காதீர்கள், கிளையைப் பாருங்கள்.

இப்போது நான் எங்கே போனாலும் சொல்லும் கதை. தருமபுரிப் பக்கத்து அம்மா ஒருத்தர், கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு பெங்களூர் வருவார், மழைக்காலத்தில் ஊருக்குப் போய் நூறு நாள் வேலை பார்ப்பார். திடீரென்று ஊர்க் கணக்கில் கூலி ஏறவில்லை. பஞ்சாயத்தில் கேட்டால் "ஏத்தியாச்சும்மா" என்கிறார்கள். பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. யாரோ தின்றுவிட்டார்கள் என்று ஊரில் பெரிய சண்டை, மாமியாரோடு மூணு மாசம் பேச்சு இல்லை. பெங்களூர் திரும்பியதும் என் கவுன்டருக்கு வந்தார், வேறு ஏதோ வேலையாக. மேஸ்திரி, கூலி போடுவதற்கென்று எல்லாரிடமும் ரேகை வாங்கி எங்கள் கிளையில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தார், அந்த பாஸ்புக் பிரிக்காத கவரில் அப்படியே இருந்தது. மெஷினில் வைத்தேன். கர்ர் கர்ர் என்று வரி வரியாக விழுந்தது, அவ்வளவும் நூறு நாள் வேலைக் கூலி. அந்த அம்மா சிரிக்கவில்லை. "இதை நான் எங்க மாமியாருக்கு எப்படிச் சொல்றது" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், மானியமோ கூலியோ, கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை அதற்கென்று இணைத்தீர்களோ அங்கேதான் போகும். கணக்குத் தொடங்கும் படிவத்தில் அதற்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும், டிக் போடச் சொல்வார்கள், நாமும் போட்டுவிடுவோம். போடுவதற்கு முன்னால் கேளுங்கள். இப்போது எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்று ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். லாக்கரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கணக்கு மாறினாலும் லாக்கர் கூடவே வராது, அதைத் தனியாக ஒப்படைத்துவிட்டுப் புது இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும், நகையை எடுக்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். பழைய கணக்கைச் சும்மா விட்டால் ரெண்டு வருஷத்தில் செயல்படாத கணக்காகிவிடும், வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். புகார் இருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. தொலைபேசி எண் 14448. வணக்கம்.